212 பெட்டிக்கு எஸ்என்எம்பி கேட்டு முடிய 18 நிமிசம் ஆவுது, வெரசா முடிக்க வழி இருக்கா அண்ணாச்சிமாரே?

சேர்மாதேவி_கம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் சேர்மாதேவி பக்கம் ஒரு சின்ன கேபிள் நெட் கம்பெனில சோலி பாக்கேன். போஸ்ட்டுல ஏறணுமா நான், ஸ்விட்ச்சு கான்ஃபிக் பண்ணணுமா நான், பில்லு வசூலா அதுவும் நான்தான். பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடை, அம்பை, வீகேபுரம் வரைக்கும் மொத்தம் 212 பெட்டி கெடக்கு, பாதிக்கு மேல ஸ்விட்ச்சு, பாக்கி ஓஎல்டி (ஃபைபர் லைன வீடுவீடா பிரிச்சு விடுற பெட்டி), ரவுட்டரு, கொஞ்சம் வயர்லெஸ் ரேடியோ.

இப்ப ஆடிக் காத்துல கரண்டு போறதும் வாரதுமா இருக்கு, எந்தப் பெட்டி செத்துச்சு எது உசுரோட இருக்குன்னு கஸ்டமரு போன் போட்டு ஏசுன பொறவுதான் எனக்கே தெரியுது. அதான் ஆபீஸ் மூலைல தூசி பிடிச்சிக் கெடந்த ஒரு கம்ப்யூட்டர்ல டெபியன் லினக்ஸ் ஏத்தி, ஒரு ஃபைல்ல எல்லா ஐபியும் எழுதி, ஃபார் லூப்பு போட்டு ஒவ்வொரு பெட்டிகிட்டயும் எஸ்என்எம்பிகெட் வச்சு நாலு விசயம் கேக்கேன். எஸ்என்எம்பின்னா நெட்வொர்க் வழியா இருந்த எடத்துல இருந்தே பெட்டி நெலமய விசாரிக்கிற முறை. பேரு என்ன, எவ்வளவு நேரமா ஓடுது, அப்லிங்க் போர்ட்டு (மேல மெயின் லைனுக்குப் போறது) அப்பா டவுனா, அதுல எரர் எத்தன. நாலுக்கும் தனித்தனியா நாலு கமாண்டு.

ஒரு சுத்து முடிய 18 நிமிசம் ஆவுது. போயி ஒரு டீயும் வடையும் சாப்ட்டுட்டு வந்தாலும் சவம் இன்னும் வீரவநல்லூர்லயே நிக்கி. நேத்து எண்ணிப் பாத்தேன், 38 பெட்டி பதிலே சொல்லல, அங்கன வரும்போதுதான் லூப்பு அப்படியே மலைச்சுப் போயி நிக்கி. 2023 டிசம்பர் 17, 18 மழைல நாசமான பெட்டியெல்லாம் அவசர அவசரமா மாத்துனோம்லா, அப்பவே லிஸ்ட்டு கலங்கிப் போச்சு, அந்த 38ல எது நெசமாவே செத்தது எது இல்லாத ஐபின்னு கூட எனக்குத் தெரியாது.

போன்ல தமிழ் கீபோர்டு மட்டுந்தான் இருக்கு, அதனால கமாண்ட தமிழ்லயே அடிக்கேன், நீங்களும் அப்படியே சொன்னா போதும், புரிஞ்சிக்கிடுவேன்.


டேஷ்போர்டு_பிரியன்:

எதுக்கு ப்ரோ கையால கஷ்டப்படுறீங்க, லிப்ரெஎன்எம்எஸ் இல்லன்னா ஜாபிக்ஸ்னு மானிட்டரிங் சாஃப்ட்வேர் போட்டுட்டு போங்க. கிராஃப், அலெர்ட்டு எல்லாம் அதுவே பாத்துக்கும்.


சேர்மாதேவி_கம்பி:

மெஷின்ல ரேம் 2 ஜிபி ப்ரோ. புது மெஷின் கேட்டா முதலாளி மொதல்ல வசூல முடிம்பாரு. இருக்கத வச்சு ஓட்டணும்.


161_அண்ணாச்சி:

தம்பி, மொதல்ல உன் 18 நிமிசம் எங்கன போவுதுன்னு கணக்கு பாப்போம், கணக்கு தெரியாம மருந்து போடக் கூடாது.

நெட்-எஸ்என்எம்பி கமாண்டு எல்லாத்துக்கும் நீ ஒன்னும் சொல்லலைன்னா டைம்அவுட்டு 1 செகண்டு, ரீட்ரை 5. அப்படின்னா மொத தடவ கேட்டு ஒரு செகண்டு காத்துக் கெடக்கும், பொறவு இன்னும் அஞ்சு தடவ கேட்டு அஞ்சு செகண்டு. செத்த பெட்டி ஒன்னுக்கு ஒரு கமாண்டுக்கு 6 செகண்டு தண்டம். நீ நாலு கமாண்டு போடுதே, 24 செகண்டு. 38 பெட்டிக்கு 912 செகண்டு, அதாவது 15 நிமிசம் 12 செகண்டு. பாத்தியா, உன் 18 நிமிசத்துல 15 நிமிசம் செத்தவன் வாசல்ல நின்னு கதவத் தட்டுனதுலயே போச்சு. உசுரோட இருக்க 174 பெட்டியும் சேந்து எடுத்தது மூணு நிமிசம்தான்.

அதனால மூணு காரியம் பண்ணு. முதல்ல, உப்புக்கு ஒருக்கா புளிக்கு ஒருக்கான்னு கடைக்கு நடக்காத. நாலு ஓஐடியையும் (கேக்க ஒவ்வொரு விசயத்துக்கும் உள்ள நம்பரு) ஒரே எஸ்என்எம்பிகெட் பின்னாலயே வரிசையா எழுதலாம், ஒரே பாக்கெட்டுல போயி ஒரே பாக்கெட்டுல பதில் வரும். ரெண்டாவது, டைம்அவுட்டுக்கு -டி 1, ரீட்ரைக்கு -ஆர் 1 போடு. ரீட்ரைய 0 ஆக்கிராத, எஸ்என்எம்பி ஓடுறது யூடிபி 161ல, வழில ஒரு பாக்கெட்டு விழுந்தா விழுந்ததுதான், நல்லா இருக்க பெட்டியக் கூட செத்துட்டுன்னு சொல்லிரும். உன் ரேடியோ லிங்க்குக்கு -ஆர் 2 கூட வச்சுக்கோ.

மூணாவதுதான் பெருசு. ஒன்னு முடிஞ்சாதான் இன்னொன்னுன்னு எதுக்கு நிக்கணும்? அந்த நேரம் பூரா உன் மெஷின் சும்மா கொட்டாவி விட்டுக்கிட்டுல்லா இருக்கு. ஃபார் லூப்பத் தூக்கிப் போட்டுட்டு எக்ஸ்ஆர்க்ஸ் எடு, அதுல பெரிய எழுத்து பி-ன்னு ஒரு ஆப்ஷன் உண்டு, பி 20ன்னா ஒரே நேரத்துல 20 பேர அனுப்பும், எவன் திரும்பி வாரானோ அவன் எடத்துல அடுத்தவன அனுப்பும். கேளுன்னு ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டு எழுதிக்கோ, அதுக்குள்ள இந்த ஒரே வரி:

எஸ்என்எம்பிகெட் -வி 2சி -டி 1 -ஆர் 1 -ஓக்யூவிடி $1 1.3.6.1.2.1.1.5.0 1.3.6.1.2.1.1.3.0 1.3.6.1.2.1.2.2.1.8.$2 1.3.6.1.2.1.2.2.1.14.$2

-வி 2சின்னா எஸ்என்எம்பி ரெண்டாவது வெர்ஷன். ஓஐடில மொதல்ல உள்ளது பேரு, அடுத்தது அப்டைம், 8ன்னு வாரது போர்ட்டு நெலம, அதுல 1ன்னா அப்பு 2ன்னா டவுனு, 14 உள்ள வார எரர். டாலர் 1 ஐபி, டாலர் 2 அப்லிங்க் போர்ட்டு நம்பரு. லிஸ்ட்டு ஃபைல்ல ஒவ்வொரு வரிலயும் ஐபி, ஒரு எடம் விட்டு போர்ட்டு நம்பருன்னு எழுதிட்டா எக்ஸ்ஆர்க்ஸ் -என் 2 ரெண்டு ரெண்டா எடுத்துக் கொடுக்கும். ஓக்யூவிடில ஓ மட்டும் பெரிய எழுத்து, கடைசி டி இருக்கே, அது அப்டைம மணி நிமிசம்னு பிரிச்சுக் காட்டாம வெறும் நம்பரா தரும், கணக்கு போட சௌகரியம்.

கம்யூனிட்டிய, அதான் எஸ்என்எம்பிக்குப் பாஸ்வேர்டு மாதிரி உள்ளத, நான் கமாண்டுல எழுதலைங்கதையும் பாத்திருப்பே. அங்கன எழுதுனா, ஓடுற கமாண்டெல்லாம் காட்டுற பிஎஸ் அடிக்கவன் எல்லாருக்கும் தெரியும். ஹோம் டைரக்டரில டாட் எஸ்என்எம்பின்னு ஃபோல்டரு, அதுக்குள்ள எஸ்என்எம்பி.கான்ஃப், அதுல டெஃப்கம்யூனிட்டின்னு போட்டு எழுதி 600 பர்மிஷன் கொடுத்துரு. ரொம்பப் பேரு இன்னும் பப்ளிக்குன்னே வச்சிருக்காவ. வீட்டுக்குப் பூட்டு போட்டு சாவிய நெலப்படிலயே தொங்க விட்ட கத.


மேலப்பாளையம்_டெர்மினல்:

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி, நான் ரெண்டு மூணு சேக்கேன்.

டெபியன்ல மிப் ஃபைல் (எந்த ஓஐடி நம்பருக்கு என்ன பேருன்னு சொல்ற அகராதி) எல்லாம் லைசென்ஸ் காரணமா கூடவே வராது, அதனால சிஸ்நேம்னு பேரச் சொல்லிக் கேட்டா தெரியாதுன்னு முழிக்கும், நம்பராவே கேட்டா ஒரு தொந்தரவும் இல்ல. இன்னும் நல்லது, கமாண்டுல -எம் போட்டு பக்கத்துல வெறும் கொட்டேஷன் ரெண்டு வச்சிருங்க, மிப்பு எதையும் ஏத்தாத, போ-ன்னு அர்த்தம். கமாண்டு ஒவ்வொன்னும் ஆரம்பிக்கும்போது மிப்பத் தேடி ஏத்துற நேரம் மிச்சம், 212 தடவ ஓடும்போது அது தெரியும்.

அப்பறம் நான் அடி பட்ட ஒரு எடம். ஸ்கிரிப்ட்டுல எக்ஸிட் கோடு (கமாண்டு முடியும்போது சொல்லிட்டுப் போற நம்பரு) 0 வந்தா நல்லா இருக்குன்னு வச்சிருந்தேன். டைம்அவுட்டு ஆனா 1 வருது, அது சரி. ஆனா 2சில நீங்க கேக்க ஓஐடி அந்தப் பெட்டில இல்லவே இல்லன்னா, அப்படி ஒரு ஆப்ஜெக்ட்டே இல்லைன்னு ஒரு வரி அடிச்சிட்டு எக்ஸிட் கோடு 0தான் கொடுக்கும், கேட்டது இல்லைங்கதும் ஒரு பதில்தானே அதுக்கு. ரெண்டு வாரம் ஒரு ஸ்விட்ச்சுல போர்ட்டு நம்பர தப்பா வச்சுட்டு எல்லாம் ஓகே எல்லாம் ஓகேன்னு ரிப்போர்ட்டு பாத்துக்கிட்டு இருந்தேன், கோட்டிக்காரன் மாதிரி. பதில் நம்பரா இருக்கான்னு ஒரு செக்கு வச்சிருங்க. சில பெட்டி ரீஸ்டார்ட் ஆனா போர்ட்டு நம்பரையே மாத்திரும், அதனால 1.3.6.1.2.1.31.1.1.1.1ல பேர வாங்கி, போர்ட்டு அதே போர்ட்டுதானான்னு அப்பப்ப பாத்துக்கிடணும்.

எல்லா போர்ட்டையும் பாக்கணும்னா எஸ்என்எம்பிவாக் போடாதீங்க, அது ஒன்னொன்னா கேக்கும், 48 போர்ட்டு ஸ்விட்ச்சுல ஒரே ஒரு விவரத்துக்கு 49 தடவ போயிட்டு வரும். பல்க்வாக்குல ஒரு தடவைக்கு 10, அஞ்சு தடவைல முடிஞ்சிரும். ஆனா அந்த 10அ 50, 60ன்னு கூட்டி வச்சா பதில் பெருசாகி பாக்கெட்டு துண்டு துண்டாப் போகும், ரேடியோ லிங்க்குல ஒரு துண்டு விழுந்தாலும் பதில் மொத்தமா போச்சு.


சேர்மாதேவி_கம்பி:

அண்ணாச்சிமாரே கால்ல விழுதேன். 18 நிமிசம் போயி 9 செகண்டு. நம்ப முடியாம மூணு தடவ ஓட்டிப் பாத்தேன்.

ஆனா மூணு சங்கடம். ஒன்னு, 20 பேரும் ஒரே நேரத்துல பேசுறதுனால ஸ்கிரீன்ல கல்லிடை பேருக்குக் கீழ அம்பை எரர் வந்து நிக்கி, சந்தைக்கடை மாதிரி இருக்கு. ரெண்டு, பதில் சொல்லாத 38ல 11 பெட்டி பிங் அடிச்சா ஜம்முன்னு பதில் சொல்லுது, எஸ்என்எம்பிக்கு மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கு. மூணாவது ரொம்ப கூத்து, வீகேபுரம் டவர் ஸ்விட்ச்சு அப்டைம் மூணு மணி நேரம்னு காட்டுது, ஆனா அங்க பேட்டரி பேக்கப்பு இருக்கு, காலைல இருந்து அந்தப் பக்கம் ஒரு கம்ப்ளெய்ண்ட்டும் இல்ல. யாரு போயி ஆஃப் பண்ணாவன்னு தெரியல, வண்டிய எடுத்துட்டு கெளம்பவா?


161_அண்ணாச்சி:

ஏலே வண்டிய எடுக்காத! மொதல்ல சொல்லு, அந்த ஸ்விட்ச்ச போட்டு ஒரு வருசம் நாலு மாசம் ஆச்சா?


சேர்மாதேவி_கம்பி:

ஆமா அண்ணாச்சி, பில்லப் பாத்தேன், கிட்டத்தட்ட அவ்வளவுதான். எப்படிக் கண்டுபிடிச்சீய?


161_அண்ணாச்சி:

அந்த அப்டைம் ஓஐடி செகண்ட நூறாப் பிரிச்சு எண்ணும், எண்ணி வைக்கிற எடம் 32 பிட்டு. 4,294,967,296 வரைக்கும்தான் போகும், அது 497 நாள். நெறைஞ்சதும் ஆட்டோ மீட்டரு மாதிரி மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிச்சிரும். பெட்டி ஒரு தப்பும் பண்ணல.

இத நான் புஸ்தகத்துல படிக்கல தம்பி. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பாபநாசத்துக்கு மேல ஒரு டவர்ல இருக்க ஸ்விட்ச்சு ரீஸ்டார்ட் ஆயிட்டுன்னு ஸ்கிரிப்ட்டு கத்துது, நானும் பாளைல இருந்து பைக்க எடுத்துட்டு மழைல நனைஞ்சிக்கிட்டே போறேன், மேல போயிப் பாத்தா ஸ்விட்ச்சு லைட்டு எல்லாம் பச்சையா கண் சிமிட்டுது, கூட ஒரு கொரங்கு கேபிள் ட்ரே மேல உக்காந்து என்னையே பாக்கு. அதுதான் ரீஸ்டார்ட் பண்ணிருச்சோன்னு கூட ஒரு நிமிசம் நெனச்சேன். திரும்பி வந்து கணக்கு போட்டப்பதான் 497 நாள் வெளங்குச்சு. வீட்டுல அந்த ஈர சட்டைக்கு வாங்குன ஏச்சு தனி.

1.3.6.1.6.3.10.2.1.3.0ன்னு ஒன்னு உண்டு, எஸ்என்எம்பி எஞ்சின் டைம், அது முழு செகண்டா எண்ணும், நெறைய 68 வருசம் ஆவும், அதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிருவேன். வி3 தெரிஞ்ச பெட்டி எல்லாம் அத சொல்லும். ரெண்டையும் சேத்துப் பாத்தீன்னா ஏமாற மாட்டே.

இதே சங்கதிதான் டிராஃபிக்குக்கும், பின்னால கிராஃப் போடப் போவே, அதனால இப்பவே சொல்லிருதேன். 1.3.6.1.2.1.2.2.1.10ங்கிற பைட் கணக்கும் 32 பிட்டு. 100 எம்பி லிங்க்கு முழுசா ஓடுனா 343 செகண்டுல நெறைஞ்சிரும், 5 நிமிசத்துக்கு ஒருக்கா எடுத்தா தப்பிச்சே. 1 ஜி லிங்க்குல 34 செகண்டு! நீ 5 நிமிசம் கழிச்சுப் பாக்கும்போது எத்தன சுத்து சுத்துச்சுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். 1.3.6.1.2.1.31.1.1.1.6 எடு, அது 64 பிட்டு. வி1ல 64 பிட்டு கிடையாது, அதனால 2சிக்குக் கீழ எறங்காத.


மேலப்பாளையம்_டெர்மினல்:

கலங்குற வெவகாரத்துக்கு: கேளு ஸ்கிரிப்ட்டுல வார நாலு பதிலையும் ஒரு வேரியபிள்ல வாங்கி, ஐபிய முன்னால போட்டு ஒரே வரியா ஒரே பிரிண்ட்எஃப்ல அடிங்க, சின்ன வரி கலங்காது. இல்லன்னா ஐபி பேர்ல ஆளுக்கு ஒரு ஃபைலு, கடைசில கேட் போட்டு சேத்துக்கலாம். குனூ பேரலல் இன்ஸ்டால் பண்ண மனசிருந்தா அது ஒவ்வொரு ஆள் பேசுனதையும் தனித்தனியா அடுக்கித்தான் வெளில விடும், டேக்னு ஒரு ஆப்ஷன் போட்டா வரிக்கு முன்னால ஐபியவும் ஒட்டிரும்.

பிங்குக்குப் பேசி எஸ்என்எம்பிக்குப் பேசாத 11க்கு: கம்யூனிட்டி தப்பா இருந்தா பெட்டி தப்புன்னு சொல்லாது, கம்முன்னு இருந்துரும். யாரு கேட்டா பதில் சொல்லலாம்னு பெட்டில இருக்க அக்சஸ் லிஸ்ட்டுல உங்க மெஷின் ஐபி இல்லைன்னாலும் கம்முன்னுதான் இருக்கும். சிபியூ நெறைஞ்சு திணறுனாலும் அதே கம்மு. நமக்கு எல்லாமே டைம்அவுட்டுன்னுதான் வரும். அதனால ரிப்போர்ட்டுல செத்துச்சுன்னு எழுதாதீங்க, பதில் இல்லன்னு எழுதுங்க, முதலாளிகிட்டயும் அப்படியே சொல்லுங்க. வி3ல அந்த வம்பு கொறவு, யூசர் பேரு தெரியலைன்னா தெரியல, பாஸ்வேர்டு தப்புன்னா தப்புன்னு திரும்பி வந்து சொல்லும்.

ஒரு பெட்டிய எடுத்து -டி 5 போட்டு ஓட்டுங்க. அப்பப் பதில் வந்தா திணறல். வரலைன்னா உங்க மெஷின்ல, போற வார பாக்கெட்டக் காட்டுற டிசிபிடம்ப்புல யூடிபி 161 பாருங்க, கேள்வி போகுது பதில் வரலைன்னா கம்யூனிட்டி இல்ல அக்சஸ் லிஸ்ட்டு. பதில் வருது, ஆனா நீங்க கேட்ட ஐபில இருந்து வராம அந்த ரவுட்டரோட வேற ஐபில இருந்து வருதுன்னா அதுவும் ஒரு கூத்து, நடுவுல இருக்க ஃபயர்வாலு அத வெட்டி விட்டுரும். அப்படி இருந்தா அந்த ஐபியவே லிஸ்ட்டுல எழுதிருங்க.


டேஷ்போர்டு_பிரியன்:

ப்ரோ, பெட்டி இன்னும் நெறைய ஆச்சுன்னா? 2000 பெட்டிக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் தாங்குமா? சும்மா கேக்குறேன், வம்புக்கு இல்ல.


161_அண்ணாச்சி:

நல்ல கேள்விதான். எக்ஸ்ஆர்க்ஸ் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ப்ராசஸ் பெத்துப் போடும், 2000க்கும் ஓடும், ஆனா மெஷினு மூச்சு வாங்கும். பி, ஆர், ஏ, ஏன்னு நாலு எழுத்துல ஒரு டூலு இருக்கு, அது ஒரே ப்ராசஸ்ல நூத்துக்கணக்கான பெட்டிகிட்ட ஒரே நேரத்துல கேள்விய வீசிட்டு பதில் வர வரப் பொறுக்கும். கம்யூனிட்டி, ஒரு அட் குறி, ஐபி ஆரம்பம், ஹைபன், ஐபி கடைசின்னு ஒரு ரேஞ்சையே கொடுக்கலாம். எஸ்என்எம்பி லைப்ரரி எதையும் நம்பாம சொந்தமா எழுதுனது, அதனால வேகம் ஜாஸ்தி, நாசூக்கு கம்மி. ஓஐடிய நம்பராத்தான் சொல்லணும், டேட்டா வகையும் கொஞ்சந்தான் தெரியும்.

வி3க்கு மாறுனா ஒன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, பாஸ்வேர்டுல இருந்து சாவி செய்யிறதுக்கு அத 10,48,576 பைட்டு வரைக்கும் திரும்பத் திரும்ப எழுதி ஹேஷ் பண்ணணும்னு விதி. ஒரு கமாண்டுக்குத் தெரியாது, 2000 கமாண்டுக்கு சிபியூ சூடாகும்.

தம்பி, நேரத்துக்கு நேரம் தானா ஓட்டி விடுற க்ரான்ல போடும்போது முன்னால ஃப்ளாக் -என் போட்டுக்கோ. முந்தின ஓட்டம் முடியலைன்னா அடுத்தது ஆரம்பிக்காது, இல்லன்னா ஒன்னு மேல ஒன்னு ஏறி தேர் வடம் பிடிச்ச மாதிரி ஆயிரும்.


சேர்மாதேவி_கம்பி:

ரெண்டு நாள் கழிச்சு வாரேன், வசூல் சோலி இருந்துச்சு.

11ல 4 பெட்டி மழைக்கு அப்பறம் மாத்துனது, கம்யூனிட்டி கம்பெனில இருந்து வந்தபடியே பப்ளிக்காவே கெடந்துச்சு, அண்ணாச்சி சொன்ன நெலப்படி சாவி எங்க வீட்டுலதான். 5 பெட்டில அக்சஸ் லிஸ்ட்டுல பழைய கம்ப்யூட்டர் ஐபி. கல்லிடைல ரெண்டு ஓஎல்டி, ரொம்ப நேரம் கழிச்சுதான் பதில் சொல்லுது, அது பழைய ஆளு, அவசரப்படுத்த முடியாது போல, அத மட்டும் தனி ஃபைல்ல போட்டு -டி 5 வச்சிட்டேன். பாக்கி 27ல 19 இல்லாத ஐபி, அழிச்சாச்சு. 8தான் நெசமாவே கெடந்துச்சு. வீகேபுரத்துக்கு நான் போகல.

இப்ப க்ரான்ல 5 நிமிசத்துக்கு ஒருக்கா ஓடுது. நேத்து ராத்திரி பத்தமடைல ரெண்டு பெட்டி பதில் இல்லன்னு வந்துச்சு, பக்கத்துப் பக்கத்துப் பெட்டி, கரண்டாத்தான் இருக்கும்னு ஈபிக்கு போன் போட்டேன், லைன்மேன் அண்ணாச்சி "எனக்கே இப்பத்தாம்வே தெரியும், ஒனக்கு யாரு சொன்னா"ங்காரு. ஒரு கஸ்டமரும் அதுவரைக்கும் கூப்பிடல.


161_அண்ணாச்சி:

சபாஷ். பத்தமடைன்னதும் ஞாபகம் வருது, வீட்டுல ஒரு கல்யாணம் இருக்கு, நல்ல கோரைப்பாய் நெசவுக்காரங்க வீட்டுலயே வாங்கணும்னா எந்தத் தெருவுக்குப் போகணும் தம்பி? போஸ்ட்டு போஸ்ட்டா ஏறுனவனுக்குத் தெரியாம இருக்காது.